அடுத்த மாடல்

"ஆடி கழியட்டுங்க" என்றார்
கிராஸ்கட் ரோட்டு நந்தகோபால்.
கழிந்தது.
"தீபாவளிச் சரக்கோட எறங்கிருமுங்க."
என் பனியன்கள் கப்பலேறிப் போய்ச் சேர்ந்து
பணமும் திருப்பூருக்கு வந்துவிட்டது.
ரிமோட்டைக் காணோம்.

ஐயாயிரம் முன்பணத்துக்கு
அவர் அனுப்பிய படம் ஒன்றுதான் கையிருப்பு.
தினமும் விரலால் பெரிதாக்கிப் பார்க்கிறேன்.
பொத்தான்களுக்கு அடியில் வெளிச்சம் உண்டாம்.
சோபாவுக்குக் கீழே விழுந்தால்
தானே கூவிக் கூப்பிடுமாம்.
எதைப் போட்டோம், எதை அணைத்தோம் என்று
கணக்கு வைத்திருக்குமாம்,
எங்கள் பழைய கணக்குப்பிள்ளையைவிட நன்றாக.

இப்போதிருப்பதற்கு அந்தப் புத்தி கிடையாது.
ஒன்பது வருசம். வயிற்றில் ரப்பர் பேண்டு.
சத்தம் கூட்டும் பொத்தானில் எழுத்து தேய்ந்து
அடையாளத்துக்குச் சாந்தாமணியின் நகப்பூச்சு
ஒரு சிவப்புச் சொட்டு.
நாலு ராத்திரி கண் முழித்து
நானே எழுதிய கட்டளை வரிசை அதிலிருக்கிறது:
"படம்" என்று ஒரே பொத்தான்.
அழுத்தினால் ஆம்ப் விழிக்கும்,
புரொஜெக்டர் சூடேறப் பதினெட்டு நொடி பொறுக்கும்,
ஏசி இருபத்துநாலுக்கு இறங்கும்,
விளக்கு தணியும்.
நடுவில் கரண்ட் போய் வந்தால் போச்சு.
போடவும் அணைக்கவும் அதற்கு ஒரே சமிக்ஞை.
எரிவது அணையும், அணைந்தது எரியும்,
எல்லாம் தலைகீழாக, ஆனாலும்
காரியத்தை முடித்துவிட்ட தோரணையோடு.
சொல்லிவிட்டுத் திரும்பிக்கொள்கிற ரகம் அது.
அக்கட்டால கேட்டதா என்று
பார்க்கத் தெரியாது.

பங்கு பிரித்த அன்றைக்கு
எனக்கும் தெரியவில்லை.
காஜா மெஷின் ரெண்டும் யாருக்கு என்பதில் ஆரம்பித்தது.
"போடா கிறுக்கா" என்றேன்.
அதற்கு முன்னால் ஆயிரம் தடவை
அதே சொல்லுக்குச் சிரித்தவன் சிவமுத்து.

இப்போது நடுவில் ஆறடிச் சந்து.
ஆம்ப் ரெண்டும் ஒரே நாளில் வாங்கியவை,
ஒரே கம்பெனி, ஒரே மாடல்,
ஜோடியாக எடுத்தால் தள்ளுபடி என்றதால்.
சன்னல் திறந்திருக்கும் ராத்திரிகளில்
நான் "படம்" அழுத்தினால்
சந்தைத் தாண்டி என் தம்பி வீட்டு ஹாலிலும்
ஒரு நீலப் புள்ளி எழும்.
யாராவது எழுந்து வந்து அணைப்பார்கள்.
"கொசு வருது, சன்னலச் சாத்துங்க" என்பாள் சாந்தாமணி.
வரட்டும் என்று விட்டிருக்கிறேன்.

புதியது ரேடியோ அலையில் பேசுமாம்.
இந்த வீட்டுப் பெட்டிகளோடு மட்டும் ஜோடி சேருமாம்.
பக்கத்து வீட்டுக்கு ஒரு துளி ஒழுகாதாம்.
"அதுதானுங்க இதுல விசேசமே."

போன செவ்வாய்க்கிழமை
செக்கிங் முடிந்து பதினோரு மணிக்கு வந்து
இருட்டில் சாய்ந்து கிடந்தேன்.
ரிமோட் மேசை மேல் இருந்தது, தொடவில்லை.
ஆம்ப் தானாக விழித்தது.
உள்ளே ரிலே ஒருமுறை சொடுக்கியது.
நீலப் புள்ளி.
சத்தத்தின் எண் ஒவ்வொன்றாக ஏறியது,
இருபது, இருபத்தொன்று,
முப்பதைத் தாண்டி
முப்பத்தாறில் நின்றது.
நான் எப்போதும் வைத்துக் கேட்பது முப்பத்தாறு.
எதிர்ச் சன்னலில் விளக்கில்லை.

இன்று காலை போன்.
"வந்துருச்சுங்க! பெட்டியே பிரிக்கல.
சாயங்காலம் ஆள அனுப்பறேன், மாட்டிக் குடுத்துருவான்."
வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை.
பொத்தான்களுக்கு அடியில் வெளிச்சமாயிற்றே.
"ஏனுங்க, அதுல
சன்னல் தாண்டிப் போறாப்பல
ஒரே ஒரு பொத்தான் மட்டும்
பழசாட்டவே விட்டு வெக்க முடியுங்களா?"

கொஞ்ச நேரம் அவர் பேசவில்லை.
பின்னால் கடையில் ஏதோ ஒரு பெட்டி
தன் குரலைச் சோதித்துக்கொண்டிருந்தது:
இடது. வலது. இடது.

"எந்தப் பொத்தானுங்க?" என்றார்.