சுருக்கொப்பம்

இராதாபுரம் சார்பதிவாளர் அலுவலகத்தில்
இருபத்திரண்டு வருடமாக எழுத்தர் நான்.
பத்திரத்தில் ஒரு சொல்லை அடித்தாலும்
ஒரு சொல்லைச் சேர்த்தாலும்
ஓரத்தில் சுருக்கொப்பம் வேண்டும்.
இல்லையென்றால் திருப்பி நீட்டுவேன்,
கொண்டுவந்தவர் கலெக்டரின் மச்சினனே ஆனாலும்.

என் மனைவி அமலோற்பவம், வடக்கன்குளத்துக்காரி.
அழைப்பிதழில் அந்தப் பெயரைப் பார்த்ததும்
இடையன்குடியில் பெரியண்ணன்
கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்:
“இது பேரு இல்லடே, தீர்மானம்.”
(அண்ணன் சேகரக் கமிட்டிச் செயலர்.
தீர்மானங்களைக் கண்டால் அவருக்குத் தெரியும்.)

அலமாரியில் வேதம் இரண்டு.
என்னுடையது மெலிந்தது, அவளுடையது தடித்தது.
அவள் இராயப்பர் என்பாள், நான் பேதுரு என்பேன்.
அவள் சின்னப்பர் என்பாள், நான் பவுல் என்பேன்.
சாளைக் கறிக்கு உப்புப் பார்க்கும்போது மட்டும்
ஒரே மொழி.

மகளுக்கு எஸ்தர் என்று வைத்தோம்.
இரண்டு புத்தகத்திலும் இருக்கிற பெயர்,
வம்பில்லை என்று நம்பி.

அவளுக்குப் பன்னிரண்டு முடிந்த ஆடியில்
திடப்படுத்தலா உறுதிபூசுதலா என்று
அண்ணன் வந்தார். அதே பஸ்ஸில்
அவள் அண்ணன், வேதியர் மரியவியாகுலமும் வந்தார்.
வெளியே காற்றாலைகள் உறுமிக்கொண்டிருந்தன.

“மூலப்பத்திரம் எபிரெயத்துல இருக்கு.
அதுல இல்லாத ஏழை எவன் உள்ள செருகுனான்?”
“உள்ளதான் இருந்துச்சு. ஏழை வெளியே தள்ளுனது யாரு?”
இலையில் சோறு வைத்துக்கொண்டிருந்த அமலோற்பவம்
சிரித்துவிட்டாள்:
“ஏழைய எப்பவும் வெளியேதான் தள்ளுவாவ.”

யாரும் கூடச் சிரிக்கவில்லை.

“எது வேதம், எது இல்லன்னு
சபை சொல்லாம, உங்க கையில
பொருளடக்கமே கிடையாது பாத்துக்கிடுங்க.
அனுபவ பாத்தியம்னு ஒண்ணு உண்டுல்லா?
மாப்பிள்ளகிட்டயே கேளுங்க.”
“தபால்காரன் கொண்டுவந்தா
கடுதாசி அவன் எழுதுனதா?”
“சாவிய யாரு கையில குடுத்தாரு?”
“காவக்காரன் கையில சாவி இருந்தா
வீடு அவன் பேருக்கு மாறிருமா?”

என்னைப் பார்த்தார்கள்.
பத்திரம் வைத்திருந்தவன் தோற்றதையும்
பரம்பரையாய் உழுதவன் தோற்றதையும்
கோர்ட் நகல்களில் படித்தவன் நான்.
ரசம் கேட்டேன்.

எஸ்தர் இரண்டு வேதத்தையும் தூக்கிக்கொண்டு வந்தாள்,
இரண்டிலும் ஒவ்வொரு விரல் செருகி.
“அப்பா, உங்க புத்தகத்துல
ராஜாகிட்ட போறதுக்கு முந்தி
நான் மூணு நாள் பட்டினி மட்டும் கெடக்கேன்.
கடவுள் பேரக்கூடச் சொல்லல.
அம்மா புத்தகத்துல
தலையில சாம்பல அள்ளிப் போட்டுக்கிட்டு,
தனியா இருக்கேன், பயமா இருக்குன்னு
அழுது கேக்கேன்.
நான் சொல்லாதத யாரும் எழுதிட்டாவளா?
சொன்னத யாரும் அடிச்சுட்டாவளா?”

“பின்னால சேத்தது, பிள்ள.”
“முன்னாலயே உள்ளது, பிள்ள.”
இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.
அவள் இலையை மடக்கிவிட்டு எழுந்து போனாள்.
கடைசி பஸ்ஸிலும் அவர்கள் பேசிக்கொண்டே போனதாக
கண்டக்டர் மறுநாள் சொன்னான்.

ராத்திரி, அலுவலகப் பூதக்கண்ணாடியோடு
என் வேதத்தைத் திறந்தேன்.
நாலாம் அதிகாரம் முடிகிறது, ஐந்து தொடங்குகிறது.
நடுவில் ஒரு விரற்கடை வெள்ளை.
ஓரத்தில் யார் சுருக்கொப்பமும் இல்லை.

அவளுடையதைத் திறந்தேன்.
அதே இடத்தில் நீளமாக, நெருக்கமாக அழுகை.
அங்கும் சுருக்கொப்பம் இல்லை.
தேங்காய் எண்ணெய் பட்ட
ஒரு விரல் தடம் மட்டும்.
அமலோற்பவத்தின் விரலைவிடச் சின்னது.

எழுதத் தெரியாதவர்களுக்கு
என் அலுவலகத்தில் கைநாட்டும் செல்லும்.
இடது பெருவிரல், ரேகை தெளிவாக
விழுந்திருக்க வேண்டும்.

விழுந்திருந்தது.