பதினோராவது ஆள்

சன்சிபார், 1909

கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்ததும்
ஆங்கிலேயர் கிளப்பின் பதினொரு பேரும்
பழந்தின்னி வௌவால்களாய்ப்
புல்தரையிலிருந்து தொங்கினார்கள்.
என் கண்ணாடியில் எல்லாத் துரைகளும் தலைகீழ்தான்.

பத்துப் பேரின் முழங்காலில் செம்மண்.
ஒருவனுக்கு இல்லை.
வில்மாட். பிஷப்பின் அக்காள் மகன்.
நான்கரை மணிக்கு மொம்பாசா கப்பலில் வந்திறங்கியவன்.
காலணியில் பூசிய வெள்ளை இன்னும் கலையவில்லை.

மதியம் ஹார்க்னெஸுக்குக் காய்ச்சல்,
ஆள் குறைந்தது.
கோட்டுக்குச் சுண்ணாம்பு போடும் மக்காமேயை
வெறுங்காலோடு உள்ளே நிறுத்தினார்கள்.
போர்க்கப்பல்காரர்கள் தூக்கியடித்ததில் மூன்று
அவன் கைக்குள் வந்து அடங்கின.
மூன்றாவதற்கு ஓடினானே, பார்த்தேன்:
பந்துக்கு முன்பே போய்ச் சேர்ந்து
சற்றுக் காத்திருந்தான்.
ஆட்டப் புத்தகத்தில் மூன்று முறையும்
'மாற்றாள்' என்றே எழுதியிருக்கிறது.

"படத்துக்கு நாற்காலி போடு" என்றார் செயலாளர்.
மக்காமே எண்ணிப் போட்டான், பதினொன்று.
பிறகு என் பின்னால் வந்து நின்றுகொண்டான்.

முதுகில் மாலை வெயில்.
தகட்டைக் கழுவியபோதுதான் தெரிந்தது,
வில்மாட்டின் காலணிவரை நீண்ட இரண்டு நிழல்.
முக்காலியோடு இருந்தது என்னுடையது.
'அடியில் ஓரங்குலம் வெட்டவும்'
என்று சீட்டு அனுப்பினார் செயலாளர்.
வெட்டினேன். பிரதிக்கு மூன்று ரூபாய்.

இதைக் குறையாகச் சொல்ல எனக்கு வாயில்லை.
மறு ஞாயிறு எங்கள் கோவா கிளப்பின் ஹாக்கி அணி:
குமாஸ்தாக்கள், சுங்கத்துக்காரர்கள்,
இடது ஓரத்தில் ஆடும் நான்.
தையல்காரர்களுக்கு உறுப்பினர் சீட்டு கிடையாது.
விதி ஒன்பது. அதற்குக்
கை தூக்கியவர்களில் நானும் ஒருவன்.

பதினொரு சட்டையும் காயெத்தானோ தைத்தவை.
எங்களில் எவனுக்கு எந்தத் தோள் இறக்கம் என்று
அவன் நாடாவுக்குத் தெரியும்.
வேலிக்கு வெளியே நின்றிருந்தான்.
நானும் படத்தில் இருக்கவேண்டுமே,
கூப்பிட்டு ரப்பர்க் குமிழைக் கையில் கொடுத்தேன்.

முதலில் பார்க்கவேண்டும் என்றான்.
துணிக்குள் தலையை விட்டவன்
எங்கள் ஆட்களைத் தொங்கவிட்டு
நெடுநேரம் வெளியே வரவில்லை.

தகட்டைச் செருகிவிட்டு ஓடிப்போய் வரிசையில் நின்றேன்.
குண்டூசியைப் பல்லில் கடித்துக்கொண்டு பேசுகிற அதே குரலில்
"யாரும் அசையக் கூடாது" என்றான்.

அசையவில்லை. இமைகூட.

என் கடையிலிருந்து போனதில்
அவ்வளவு துல்லியமான படம் வேறில்லை.
கீழே முத்திரையில்
என் பெயர் இருக்கிறது.