ஆள் இருக்கிற வீடு

ஆறு நாள்தான். நுவரெலியா.
கலியாணம் கட்டிப் பத்தொன்பது வருசத்தில்
செத்தவீடோ கோயிலோ ஆஸ்பத்திரியோ இல்லாமல்
சும்மா பார்க்கவெண்டு போற முதல் பயணம்.

குசினி யன்னல், கொக்கி.
கிணத்து மோட்டரைக் கழற்றிக்
கட்டிலுக்குக் கீழே, பழஞ்சீலை போர்த்து.
கொடியில் இவற்ர சாரம் ஒண்டு காயட்டும்.
விறாந்தை லைற் எரியட்டும். இல்லை,
பகலிலும் எரிஞ்சால்
ஆளில்லையெண்டு அதுவே ஊருக்குச் சொல்லும்.
நிப்பாட்டினன்.
இரவும் இருட்டாய்க் கிடந்தால்?
போட்டன். பிறகும் நிப்பாட்டினன்.
கமெரா ஒண்டு படலையைப் பார்த்தபடி.
பேப்பர் போடுற பெடியனுக்குச் சொல்ல மறந்தது
பஸ் ஆனையிறவு தாண்டத்தான் நினைவு வந்தது.

திறப்புக் கொத்தில் ஒரு திறப்பு,
பித்தளை, பல்லுத் தேஞ்சது,
இப்ப ஒரு கதவுக்கும் இல்லை.
மயிலிட்டி வீட்டின்ரது.
அப்பாவும் அண்டைக்கு
ரெண்டுதரம் இழுத்துப் பார்த்துத்தான் பூட்டினவர்.

சந்தியில் பொலிஸ் ஒட்டின நோட்டீஸ்:
வீட்டைப் பூட்டிச் செல்வோர்
அயலவருக்கு அறிவித்துச் செல்லவும்.
எங்களுக்கு அயலவர் மரியநாயகம்.
எங்கட வாசற்படி தெரியிற ஒரே வீடு அவற்ரதான்.
அரை அடி வேலிக்காக
மூண்டு வருசமாய்க் கோட்டில் நிக்கிறம்.
கதியாலை இரவோடிரவாய் நகர்த்தினது
அவரெண்டு நாங்கள், நாங்களெண்டு அவர்.
பொலிசுக்கு என்ன தெரியும்.
சொல்லாமல்தான் போனம்.

நுவரெலியாவில் இவர் வாவியைப் பார்க்கேல்லை.
சுவற்றர் கைக்குள்ள போனைப் பிடிச்சுக்கொண்டு
கோண்டாவிலைப் பார்த்தபடி.
உள்ளங்கை அளவில் எங்கட முற்றம்,
வேப்பஞ்சருகு, ஆற்றையோ ஒரு வெள்ளைப் பூனை.
காசு கட்டிப் படகில் ஏறின பிறகும்
"சிக்னல் விழுகுது, கரைப்பக்கம் விடச் சொல்லு."

நாலாம் நாள் விடிய ஆறேகால்,
போர்வையோட எழும்பிக் குந்தினார்.
"இஞ்ச பார், வேலிக்கு மேலால ஒரு தடி வருது."

வந்தது.
கிடுகுக்கு மேலால் நீண்டு, நிலத்தைத் தடவி,
முற்றத்தில் கிடந்த பேப்பரை ஒவ்வொண்டாய்க்
கொளுவி இழுத்தது.
மாங்காய் பிடுங்கிற கொக்கத்தடி.
"பதிஞ்சு வை, லோயருக்கு அனுப்புவம்" எண்டார்.

தடி போய்
பிறகும் வந்தது, நுனியில் ஒரு செருப்போட.
தொங்கி, ஆடி, படியில் விழுந்தது.
மற்றச் செருப்பு கவிண்டு விழுந்தது.
அதை நிமிர்த்திவிட
அந்தத் தடி மூண்டுதரம் தெண்டிச்சுது.

இவர் போனை மேசையில் வைச்சார்.
அண்டைக்குத்தான் குதிரை பார்த்தம்,
குளிருக்குள்ள சுட்ட சோளன் திண்டம்.
எனக்கு மூக்குச் சிவந்துபோச்செண்டு
இவர் பார்த்துச் சொன்னார்.

திரும்பி வர இரவு ஒன்பது.
படியில் பத்தாம் நம்பர் செருப்பு, குதி தேஞ்சது,
பெருவிரல் பதிஞ்ச பள்ளத்தில் மழைத்தண்ணி.
பேப்பர் அஞ்சும் எங்கட பக்கத்து ஓலைக்குக் கீழே,
நனையாமல் செருகி.
ஞாயிற்றுப் பேப்பரில் குறுக்கெழுத்து நிரப்பியிருந்தது.
மேலிருந்து கீழ் ஏழு பிழை.

லீக்ஸும் கரட்டும் பையில் போட்டுக்
கதியாலில் கொளுவிவிட்டன்.
எந்தக் கதியாலெண்டு கேட்கவேண்டாம்.
விடியப் பை இல்லை.

செருப்பை நாங்கள் குடுக்கேல்லை,
அவரும் கேட்கேல்லை.
அரை அடி அரை அடிதான்,
தை பதினேழு தவணை.
அண்டைக்கு ரெண்டு வீடும் கோட்டில் நிக்கும்,
இஞ்ச ஆர் பார்க்கிறதெண்டு
இவர் இப்பவே யோசிக்கத் தொடங்கிட்டார்.