வீடு என்னும் சொல்லுக்கு அடிக்குறிப்பு

சாட்ஸ்வர்த், ஐந்தாம் யூனிட்.
மழைக்கு முந்தைய டர்பன் புழுக்கம்.
எட்டு மணிக்குப் போன மின்சாரம் பத்துக்கு வருமாம்.
மெழுகுவர்த்திக்கு அந்தப் பக்கம்
தனபாக்கியம் மூன்சாமி,
இந்தப் பக்கம் நான்.
நடுவில் அவருடைய ஏழாம் அத்தியாயமும்
சில்லி பைட் என்று இங்கே பெயர் மாறிவிட்ட பக்கோடாவும்.

முனுசாமிக்குள் நிலா புகுந்த கதையை
முதல் நாளே சொல்லிவிட்டார்.
கப்பலிலிருந்து இறங்கியவரின் பெயரைத்
துறைமுகக் குமாஸ்தா தன் காதால் எழுதினான்.
"அந்தக் காதுக்குத்தான் நான்கு தலைமுறையாகக்
கையெழுத்துப் போடுகிறோம்."
இந்த வரி புத்தகத்திலும் உண்டு, பக்கம் பதினொன்று.

அவருக்குத் தமிழ் வராது.
தேவாரம் மட்டும் ஆங்கில எழுத்தில் மனப்பாடம்.
எனக்கு அவர் தத்துவம் பாதிதான் வரும்.
இரண்டு அரைகளை வைத்துக்கொண்டு
மூன்று வாரமாய் ஒரே சொல்லில் நிற்கிறோம்.

விடுதலை என்று போட்டேன்.
பிரித்துக் காட்டச் சொன்னார்.
விடு என்றால்?
விட்டுவிடு.
யாரிடம் சொல்வது?
பிடித்திருப்பவனிடம்.
"அப்படியானால் உங்கள் சொல்லிலும்
அவன்தான் முதலில் நிற்கிறான்.
வேறு இருக்கிறதா?"

இருக்கிறது, பழைய சொல்.
அறம், பொருள், இன்பம் முடிந்த பிறகு வருவது.
வீடு.
கட்டு எல்லாம் அறுவதற்கும் அதுதான்,
வாசல், சமையலறை, மாதம் பிறந்தால் வாடகை,
இவற்றுக்கும் அதுதான்.
ஒரே சொல்லா?
ஒரே சொல்.

மெழுகுவர்த்தியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.
இருட்டில் நானும் பக்கோடாவும்.
பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே
கதவு ஒன்று கிறீச்சிட்டது.
ப்ளீச் புட்டிகளின் பின்னாலிருந்து வந்தது
ஓர் எனாமல் குவளை,
விளிம்பில் நீலம் உதிர்ந்து கறுத்தது.

"மேரியுடையது.
பத்தொன்பது வருடம் இதில்தான் அவளுக்குத் தேநீர்.
எங்கள் கோப்பைகள் மேலே, இது கீழே.
யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.
எனக்குத் தெரிந்திருந்தது.

அவள் பெயர் மேரியும் இல்லை, ஹ்லெங்கிவே.
அம்மாவுக்கு நாக்கு வரவில்லை என்று மாற்றினோம்.
குமாஸ்தாவாவது கேட்டதை எழுதினான்.
நாங்கள் கேட்கவே இல்லை."

தாளின் ஓரத்தில் எழுதிப் பார்த்தேன்.
தமிழில் அதற்கு எழுத்தில்லை.
நாக்கின் பக்கவாட்டில் காற்று கசிய வேண்டிய ஒலி.
ழ சொல்லும் நாக்கு என்கிற நம் பெருமை
அங்கே செல்லுபடியாகவில்லை.
பொருள் என்ன என்று கேட்டேன்.
மீட்கப்பட்டவள்.

முதல் பதிப்பு வந்ததும்
உம்லாசிக்குத் தேடிப் போனாராம்,
மன்னிப்பைப் பத்தி பிரித்துத் தயார் செய்துகொண்டு.
ஹ்லெங்கிவே கடைசிவரை கேட்டுவிட்டு
நாற்காலி பின்னால் சாயச் சிரித்தாராம்.
"உன் அம்மாவுக்கு எங்களிடம் என்ன பெயர் தெரியுமா?
கரண்டி எண்ணுகிறவள்.
அடுத்த வீட்டுக்காரிக்கு,
வெயிலைக் கண்டால் ஓடுகிறவள்.
உனக்கும் ஒன்று வைத்திருந்தோம்.
சொல்ல மாட்டேன்."

அதற்குப் பிறகு ஏழாம் அத்தியாயத்தில்
முப்பது பக்கம் போயிற்று.
நாங்கள் என்று தொடங்கிய வாக்கியங்களில்தான்
சேதம் அதிகம்.
இன்றுவரை அந்தப் பெயர் அவருக்குத் தெரியாது.

குவளையை ஏன் வைத்திருக்கிறீர்கள்?
"எறிந்தால் வீடு சுத்தமாகிவிட்டது என்று
நினைத்துக்கொள்வேன்."

பிறகு, "வீடு என்றே போடுங்கள்" என்றார்.
வாசகர் குழம்புவார், அடிக்குறிப்பு வேண்டும் என்றேன்.
"எழுதிக்கொள்ளுங்கள்,
தொட்டிக்குக் கீழே பார்க்கவும்."

பத்தரையாகியும் மின்சாரம் வரவில்லை.
ஹ்லெ, என்று இருட்டில்
ஒருமுறை சொல்லிப் பார்த்தேன்.
காற்று தவறான பக்கம் போனது.