கைராசி

வூச் நகரத்தில் முப்பத்தோராண்டு
டிராம் ஓட்டியவள் யாத்விகா.
"தண்டவாளம் நடுவில் மட்டும் நெளிகிறது, டாக்டர்,
யாரோ அடியில் படுத்துப் புரள்வதுபோல."

யாரும் கேட்காமல் முளைத்த நாளங்கள்,
விழித்திரைக்கு அடியில்
கசிகின்றன.

மரப்புத் துளி. அயோடின். இமைக்குக் கவ்வி.
உறையைப் பிரிக்கிறேன்.
மருந்தா, வெறும் அழுத்தமா,
இந்த அறையில் எனக்கு மட்டும் தெரியும்.

ஊசியில்லாத சிரிஞ்சின் மொட்டை முனையை
வெள்ளைவிழியில் வைத்து அழுத்துகிறேன்.
ஒன்று, இரண்டு.
"வலிக்கவே இல்லை," என்கிறாள்,
"உங்களுக்குக் கைராசி."

பார்வையை அளப்பவர் வேறொருவர்.
அவருக்கு உறை தெரியாது,
எனக்கு எண் தெரியாது.
அதுதான் விதி; நானும் கையெழுத்திட்டிருக்கிறேன்.

நான்காம் மாதம்
பிளம் கேக் கொண்டுவந்தாள், செய்தித்தாளில் சுற்றி.
"தண்டவாளம் நிமிர்ந்துவிட்டது, தெரியுமா?
முழுக்க இல்லை. கொஞ்சம்."
முகக்கவசத்துக்குள் என் வாய்
எந்தப் பக்கமும் கோணாமல் பார்த்துக்கொண்டேன்.

சன்னலுக்கு வெளியே பத்தாம் எண் டிராம்
கீச்சிட்டு நின்றது.
"பிரேக் கட்டை தேய்ந்திருக்கிறது,"
என்றாள் யாத்விகா,
கட்டுப்போட்ட கண்ணோடு,
திரும்பிக்கூடப் பார்க்காமல்.

கேக் இனித்தது.
கை கழுவிவிட்டு
அடுத்த உறையை எடுத்தேன்.