இன்னும் பரிசீலனையில்

செவ்வாய் இரவு, டன்லப் தெருவின் பின்சந்து.
சாம்பார் வாளி எனக்கு,
சோறு மேபலுக்கு.
காய்கறிக் கடையின் காலிப் பெட்டிகள் வரை
நீள்கிறது வரிசை.

ஐந்து பல்கலைக்கழகங்கள். மூன்று மாதம்.
திறக்கும்போதெல்லாம் அதே வரி:
இன்னும் பரிசீலனையில்.
புக்கிட் பாஞ்சாங்கிலிருந்து ரோச்சோர் வரை
ரயிலில் ஜெபித்துக்கொண்டே வந்தேன்.
ஜெபமா அது?
ஆண்டவருக்கே நினைவூட்டல் கடிதம்
எழுதியதுபோல் இருந்தது.

விரலில் கட்டோடு இருளப்பன்
இடக்கையால் தட்டை நீட்டினார்,
மன்னிப்புக் கேட்டபடி.
இழப்பீட்டுக் கடிதம் இன்னும் வரவில்லையாம்.
பதினான்கு மாதம்.
வேலை செய்ய அனுமதி இல்லை,
ஊருக்குப் போகவும் வழியில்லை.
"தங்கச்சி, அப்பளம் இருக்கா?" என்றார்.
இருந்தது. உடைந்த ஒன்று,
கூடவே முழுசாய் இன்னொன்று.

பையில் அதிர்ந்தது கைப்பேசி.
கையெல்லாம் சாம்பார்.
இன்னும் நாற்பது பேர்.
கர்த்தாவே, அது என்னவானாலும்
கொஞ்சம் இருக்கட்டும் என்றேன்.
இத்தனை நாளில்
நான் நம்பிச் சொன்னது
அது ஒன்றுதான் போல.

வாளி கழுவி, கை துடைத்து,
பதினோரு மணிக்குப் பார்த்தால்
நூலகம். புத்தகத் தவணை முடிந்துவிட்டதாம்.
மேபல் வெடித்துச் சிரித்தாள். நானும்தான்.

நாளை மறுபடி திறந்து பார்ப்பேன்,
என்னைத் தெரியும் எனக்கு.
ஜெபக் குறிப்பேட்டில்
அந்த ஐந்து பெயர்களுக்கும் மேலே
இடமில்லாத இடத்தில் நெருக்கி எழுதினேன்:
இருளப்பன், வலது சுட்டுவிரல்.