மடங்காதது

சால்மி சாலை, எண்பத்தாறாம் கிலோமீட்டர்.
என் மடக்குக் கத்தி என் விரல் மேலேயே மடங்கியது.
தலைகீழாய்க் கிடந்த லேண்ட் குரூசரில்
பாதி அறுபட்ட சீட் பெல்ட்.
அதில் தொங்கிக்கொண்டிருந்தவன்தான்
என்னைத் தேற்றினான்: "மாலேஷ், மாலேஷ்."
மீதியை நிமலன்
உடைந்த கண்ணாடிச் சில்லால் அறுத்தான்.

எனக்கு மூன்று தையல்.

அதனால்தான் இந்த வெள்ளிக்கிழமை
ரிக்கவரி வண்டியைப் பாலத்தடியில் விட்டுவிட்டு
சூக் அல் ஜும்மாவில் நிற்கிறோம்.
பழைய குளிர்பெட்டிகளையும் கூண்டுக் கிளிகளையும் தாண்டினால்
ராணுவச் சாமான் வரிசை:
தண்ணீர்க்குடுவை, கொசுவலை, ஜோடியில்லாத பூட்ஸ்.
எந்தச் சண்டையில் மிஞ்சியவை என்று
யாரும் கேட்பதில்லை.

குல் ஜமான் முதலில் நீட்டியது சினிமாக் கத்தி.
முதுகில் ரம்பம்.
பிடியைத் திருகினால் உள்ளே
நான்கு தீக்குச்சி, ஒரு தூண்டில் முள்,
மக்காவை எந்தப் பக்கமும் காட்டக்கூடிய திசைகாட்டி.
எனக்குப் பிடித்துப்போனது. ஒளிப்பானேன்,
விலைகூடக் கேட்டுவிட்டேன்.

நிமலன் வாங்கி நகத்தால் ஒரு தட்டுத் தட்டினான்.
"வெறுங் கோது மச்சான்.
ஓங்கி ஒருக்கா அடிச்சியெண்டால்
அலகு ஒரு பக்கம், நீ ஒரு பக்கம்."

பிறகு அவனே குந்தி உட்கார்ந்து
குவியலைக் கிளறத் தொடங்கினான்.
இரும்பு பிடியின் வாசலோடு நிற்கக் கூடாதாம்.
வால் வரைக்கும் ஓடி
ஓரத்தில் ஒரு கோடாகத் தெரிய வேணுமாம்.
பல் வைத்த அலகு வேண்டாம்,
மழுங்கினால் நடுப் பாலையில் யார் தீட்டுவது?
ஒரு சாணுக்கு மேல் நின்ற ஒன்றை ஒதுக்கிப் போட்டான்:
"நீ என்ன, ஒட்டகமே உரிக்கப் போறாய்?"
கிரீஸ் கையால் பிடித்துப் பார் என்றான்.
கிரீஸ் இல்லை. சமோசா எண்ணெய் இருந்தது,
அதிலேயே இரண்டு கத்திகள் வழுக்கித் தோற்றன.

கடைசியாக உறைச் சோதனை.
நான்கை அவனே கவிழ்த்துப் பிடித்து உதறினான்.
நான்கும் மணலில் விழுந்தன.
ஐந்தாவதை என்னை உதறச் சொன்னான்.
விழவில்லை.

"இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?"
"தெரியும்."

எட்டு வருடம் ஒரே கேபினில் உட்கார்ந்திருக்கிறோம்.
அவன் மாமியாரின் சர்க்கரை அளவு எனக்குத் தெரியும்.
மன்னார்க் கருவாட்டின் தரங்கள் தெரியும்.
அந்தத் 'தெரியும்' மட்டும்
உள்பக்கம் தாழிட்டிருந்தது.

அப்போதுதான் என் கையிலிருந்ததைப் பார்த்தேன்.
உறை முழுக்க பச்சையும் மண்ணும் புள்ளி புள்ளியாய்,
காட்டில் ஆளை மறைக்கும் துணி.
அவன் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு
கிளிக்கூண்டுகளைப் பார்த்தபடி நின்றான்.

ஒன்பது தினார், ஆறரைக்கு இறங்கியது.
உறை வேண்டாம் என்றேன்.
"இந்த உறைக்காகத்தானே ஐந்தையும் உதறினீர்கள்?"
குல் ஜமான் என்னைப் பார்த்தார், அவனைப் பார்த்தார்,
வேறெதுவும் கேட்காமல்
அலகை அரபிப் பேப்பரில் சுற்றினார்.
கால் தினார் குறைக்கவும் இல்லை.

அன்றிரவு பழைய தீயணைப்புக் குழாயில் ஒரு துண்டு வெட்டி
மூன்று ரிவெட் அடித்தோம். சிவப்பு உறை.
அழகில்லை. கவிழ்த்தால் விழுவதில்லை.

கத்தி என் பெயரில், ரசீது என் பர்ஸில்.
தீட்டுவது அவன்.
ஆகஸ்டின் புழுக்கத்தில் பிடியருகே ஒரு செம்புள்ளி வந்தபோது
சாம்பல் தொட்டு அரைமணி நேரம் தேய்த்தான்,
அதோடு ஏதோ பேசித் தீர்ப்பவன் போல.

நேற்று, அதே சாலை, நூற்றிரண்டாம் கிலோமீட்டர்.
ஒரே இழுப்பு.
தொங்கிய பெண்ணுக்கு மாலேஷ் சொல்லக்கூட
நேரம் கிடைக்கவில்லை.

திரும்பி வந்து கழுவி,
அதே கத்தியால் இரண்டு வெங்காயம் அரிந்தோம்.
நிமலன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.
நானும்தான்.